பதில் எப்போது வரும்?

பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டிருப்பாள். அப்பா ஒன்றும் கவலைப்படாதவர்போலப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படிப்பார். பிள்ளை மட்டும் மொட்டை மாடியில் தனியாக உலாவிக்கொண்டிருப்பான். ஆனால் அந்த வேதனைக்கு ஒரு கெடு இருக்கிறது. இன்ன தேதியில் முடிவு என்று சர்க்கார் சொல்லிவிடுகிறது. தேதியே சொல்லாமல் காத்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

சென்ற வாரம் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு என் டெலிபோன் மணி அடித்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்திலிருந்து என் கல்லூரித் தோழி பேசினாள். அங்கே அப்போது இரவு பத்து மணி.

“என்னடி, பதில் வந்துதா?” என்று கேட்டேன்.

“வரலை. நீயும் கேக்காதேடி. வீட்டிலே அவர் கேக்கறார், பையன் கேக்கறான், ஊர்லேருந்து அம்மா கேக்கறா. வந்தா நானே சொல்ல மாட்டேனா?”

அவள் காத்திருப்பது நர்ஸிங் பட்டப் படிப்பில் ஓர் இடத்துக்காக. அதுவும் சாதாரணமான நான்கு வருஷப் படிப்பல்ல. வேறு ஏதாவது ஒரு துறையில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்காக அமெரிக்காவில் ஏற்பட்டிருக்கும் துரிதப் படிப்பு. பதினொரு மாதம் முதல் பதினெட்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். விடுமுறை என்பதே அநேகமாகக் கிடையாது. முடித்தவர்கள் அரசாங்க உரிமத்துக்கான பரீட்சையில் தேறினால் முழு நர்ஸாகப் பதிவு பெறலாம்.

என் தோழி திருச்சியில் என்னோடு விலங்கியல் படித்தவள். கல்யாணமாகி அமெரிக்கா சென்று, இப்போது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி பெற்றிருக்கிறாள். வயது முப்பத்தைந்து. எட்டு வயதில் ஒரு மகன். சில வருஷங்களுக்கு முன் ஊரிலிருந்து வந்திருந்த அவள் மாமனார் மார்வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கிழவருக்கு இங்கிலீஷ் பேச வராது. இரவு நேரத்து நர்ஸ் ஒருத்தி அவர் முகத்தைப் பார்த்தே எங்கே வலி, எப்போது தாகம் என்று தெரிந்துகொண்டாளாம். “அன்னிக்குத்தான்டி நான் என்ன ஆகணும்னு தெரிஞ்சுது” என்று என்னிடம் சொன்னாள். அப்போது அவளுக்கு முப்பது வயது.

இப்போது அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு உதவியாளாக இராப் பணி பார்க்கிறாள். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்து எழுதுவது அவள் வேலை. நோயாளிக்கு மருந்து கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு இல்லை. அந்த அதிகாரத்துக்கும் அவளுக்கும் நடுவே நிற்பது ஒரு கடிதம்.

அவசரத்தில் பிறந்த படிப்பு

பட்டதாரிகளைச் சீக்கிரமாக நர்ஸ்களாக்கும் யோசனை புதிதல்ல. முதல் மகா யுத்தத்தின்போது, 1918ஆம் வருஷக் கோடையில், நியூயார்க் மாநிலத்திலுள்ள வாஸர் கலாசாலையில் ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பல கலாசாலைகளிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட பட்டதாரிப் பெண்கள் அங்கே வந்து கூடினார்கள். மூன்று மாதம் பாடம் படித்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்து பயிற்சியை முடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ‘பட்டம் பெற்றவளுக்குப் படிக்கத் தெரியும், ஆகவே அவளுக்குக் காலத்தைக் குறைக்கலாம்’ என்ற எண்ணம் அதிலேயே இருக்கிறது.

இரண்டாவது மகா யுத்தத்தில் அமெரிக்க சர்க்காரே முன்வந்தது. 1943இல் சட்டம் இயற்றி, ‘கேடட் நர்ஸ் படை’ என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். இதில் சேரப் பட்டம் தேவையில்லை. மூன்று வருஷப் பயிற்சியை முப்பது மாதமாகச் சுருக்கினார்கள். சம்பளம் கட்ட வேண்டாம். உடுப்பும் கைச்செலவுக்குப் பணமும் சர்க்கார் பொறுப்பு. 1948இல் அது முடிவதற்குள் 1,20,000க்கும் அதிகமான பெண்கள் தேறி வெளிவந்தார்கள்.

இன்றைய துரிதப் பட்டப் படிப்பு 1971இல் செயின்ட் லூயி பல்கலைக் கழகத்தில் துவங்கியது. இப்போது அது நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆசிரியைகள், கணக்கர்கள், வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்கள், விஞ்ஞானப் பட்டதாரிகள் என்று பல தொழிலில் இருந்தவர்கள் நடுவயதில் அந்த வாசலில் வந்து நிற்கிறார்கள்.

மனுப் போடுவதே ஒரு படிப்பு

“மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்” என்று நான் சுலபமாக எழுதிவிட்டேன். அந்த மனுவைப் போடுவதற்கே அவளுக்கு மூன்று வருஷம் பிடித்தது.

உடற்கூறும் உடலியலும் இரண்டு பாகம், நுண்ணுயிரியல், ரசாயனம், புள்ளியியல், போஷாக்குச் சாஸ்திரம், மனித வளர்ச்சி என்று முன்கூட்டியே முடிக்க வேண்டிய பாடங்களின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. திருச்சியில் படித்ததைக் காட்டலாமே என்றால், பல கல்லூரிகள் விஞ்ஞானப் பாடங்களுக்குக் கெடு வைத்திருக்கின்றன. சில இடங்களில் ஐந்து வருஷம், சில இடங்களில் ஏழு அல்லது பத்து வருஷம். அதற்கு முந்திப் படித்தது செல்லாது. ஆகவே அவள் பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரியில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, தவளையும் எலும்பும் மறுபடி படித்தாள்.

பிறகு நுழைவுப் பரீட்சை. ‘டீஸ்’ என்று ஒன்று, ‘ஹெஸி’ என்று ஒன்று. எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறதோ அதை எழுத வேண்டும். ‘டீஸ்’ பரீட்சையில் வாசிப்பு, கணிதம், விஞ்ஞானம், இங்கிலீஷ் நான்கிலுமாகச் சேர்த்து 170 கேள்விகள், 209 நிமிஷம். அதன்பின் சிபாரிசுக் கடிதங்கள், ‘நான் ஏன் நர்ஸாக விரும்புகிறேன்’ என்ற கட்டுரை, இந்தியப் பட்டத்தைப் பாடம் பாடமாக மதிப்பிட்டு வாங்கிய சான்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மூலமாக அனுப்பவேண்டும். பல கல்லூரிகளுக்குச் சேர்த்து ஒரே இடத்தில் மனுக்களை வாங்கும் பொது ஏற்பாடும் இருக்கிறது. அனுப்பிவிட்டால் திரையில் ‘கிடைத்தது’ என்று வரும். சில வாரம் கழித்துச் ‘சரிபார்க்கப்பட்டது’. அதற்கப்புறம் ‘பரிசீலனையில்’. அந்த ஒரு சொல் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும்.

என் தோழி மூன்று கல்லூரிகளுக்கு மனுச் செய்தாள். ஒன்று மறுத்துவிட்டது. ஒன்று ‘காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது’ என்றது. மூன்றாவது இன்னும் வாயைத் திறக்கவில்லை.

காத்திருக்கும் வீடு

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதென்று நினைக்கிறோம். நடுவயதில் அது அப்படியல்ல. குடும்பத்தின் ஒவ்வொரு காரியமும் அந்தப் பதிலுக்காக நிற்கிறது.

படிப்புக் காலத்தில் முழுநேர உத்தியோகம் பார்க்க முடியாது. வேண்டாமென்றே கல்லூரிகளும் எச்சரிக்கின்றன. ஒருவர் சம்பளத்தில் வீடு ஓடவேண்டும். ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் ‘பெல்’ உதவித் தொகை, ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. கடன்தான் வழி. கடன் எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் எந்தக் கல்லூரி என்று தெரியவேண்டும். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவர யார்? ஊரிலிருந்து அம்மாவை வரவழைப்பதா? விஸாவுக்கு எப்போது எழுதுவது? வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா? எதற்கும் விடை இல்லை.

போதாததற்கு, இடம் கிடைத்துவிட்டாலும் சங்கடம் உண்டு. ஒரு கல்லூரி ‘வா’ என்று சொன்னால், குறித்த நாளுக்குள் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வேறு கல்லூரி அழைத்தாலும் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது.

என் தோழிக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நுண்ணுயிரியல் பாடத்தை அவள் முடித்து நான்கு வருஷமாகிறது. அந்த மூன்றாவது கல்லூரி ஐந்து வருஷக் கெடு வைத்திருக்கும் கல்லூரி. இந்த முறை தவறினால் அடுத்த முறை அந்தப் பாடம் செல்லாக்காசு. மறுபடி பணம் கட்டி, மறுபடி படிக்கவேண்டும்.

கதவை அடைப்பது யார்?

நர்ஸ்கள் போதவில்லை என்று அமெரிக்க ஆஸ்பத்திரிகள் ஓயாமல் சொல்கின்றன. நர்ஸாகிறேன் என்று ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். பின் ஏன் கதவு அடைபடுகிறது?

அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகளின் சங்கம் வருஷந்தோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. 2023இல் மட்டும், பட்டப் படிப்புக்கும் மேற்பட்டப் படிப்புக்கும் வந்த மனுக்களில், தகுதியுள்ளவை என்று தெரிந்தும் நிராகரிக்கப்பட்டவை 65,766. அதற்கு முன் 2021இல் 91,938. தகுதி இல்லாதவற்றின் கணக்கு இதில் சேரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

காரணம் எளியது. நர்ஸிங்கைப் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொடுக்க முடியாது. மாணவி கட்டிலருகே நின்று, உயிருள்ள நோயாளியிடம் கற்கவேண்டும். அப்போது பக்கத்தில் ஓர் ஆசிரியை இருந்தாக வேண்டும். ஓர் ஆசிரியைக்கு எட்டு, பத்து மாணவர்கள் என்ற அளவில் பல மாநிலங்கள் வரம்பு கட்டியிருக்கின்றன. நோயாளியின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட வரம்பு அது. அந்த ஆசிரியைக்கு மேற்பட்டம் வேண்டும். மேற்பட்டம் பெற்ற நர்ஸுக்கோ கல்லூரிச் சம்பளத்தைவிட ஆஸ்பத்திரிச் சம்பளம் அதிகம். ஆகவே ஆசிரியைகள் கிடைப்பதில்லை. மாணவர்களைப் பழக்கச் சம்மதிக்கும் ஆஸ்பத்திரிகளிலும் இடம் அளவோடுதான் இருக்கிறது. ஓர் ஆசிரியை குறைந்தால் பத்து நாற்காலி காலி. வாசலில் முந்நூறு பேர் நின்றாலும் அந்த நாற்காலிகளை நிரப்ப வழியில்லை.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அந்தக் கணக்கு மனுக்களின் கணக்கு, மனிதர்களின் கணக்கல்ல. ஒருவரே மூன்று, நான்கு இடங்களுக்கு மனுச் செய்கிறார். நான்கும் அழைத்தாலும் ஒன்றில்தான் உட்கார முடியும். மற்ற மூன்றும் காலியாகி, காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போகிறது. பட்டியல் மெதுவாக நகர்வதும், திடீரென்று நகர்வதும் இதனால்தான். வகுப்புத் துவங்குவதற்கு முந்திய வாரத்தில்கூட அழைப்பு வருவதுண்டு.

இதையெல்லாம் நான் படித்து, அக்கறையாக என் தோழிக்கு எடுத்துச் சொன்னேன். “உன்னை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. இடமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்” என்றேன்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “கணக்கு சரிதான்டி. ஆனா லெட்டர்லே என் பேர்தானே போட்டிருக்கு?”

எனக்குப் பதில் தோன்றவில்லை.

சும்மா இருக்காத காத்திருப்பு

இருந்தாலும் அவள் இடிந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. மறுத்த கல்லூரிக்குப் பணிவாக எழுதி, எதில் குறை என்று கேட்டிருக்கிறாள். காத்திருப்போர் பட்டியலில் வைத்த கல்லூரிக்கு, ‘அழைத்தால் நிச்சயம் வருகிறேன்’ என்று தெரிவித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குள் பயிற்சிக்குப் போகுமுன் மாணவர்கள் தடுப்பூசிச் சான்றுகளைக் காட்டவேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கான ஊசியை வழக்கமான முறையில் போட்டால் மூன்று தவணை, ஆறு மாதம். கடைசி வாரத்தில் அழைப்பு வந்தால் அதற்கு நேரம் ஏது? அதையும் அவள் இப்போதே முடித்துவிட்டாள். உத்தியோகத்தை விடவில்லை. விடப்போவதுமில்லை, கையில் கடிதம் வரும்வரை.

அமெரிக்காவில் பெண்ணோ மருமகளோ இந்த நிலையில் இருக்கும் நம்மவர்கள் ஒன்று செய்யலாம். “பதில் வந்துதா?” என்று தினம் கேட்காமல் இருக்கலாம். நான் இப்போது கேட்பதில்லை. மாமனார் எப்படி இருக்கிறார், பையன் என்ன படிக்கிறான், அங்கே முருங்கைக்காய் கிடைக்கிறதா என்றே கேட்கிறேன்.

அன்று காலையும் அப்படித்தான் பேச்சை மாற்றினேன். அவள் இராப் பணியின் நடுவே, கால் மணி ஓய்வில் பேசிக்கொண்டிருந்தாள். மாமனார் ஊருக்குத் திரும்பிச் சௌக்கியமாக இருக்கிறார், காலையில் காவிரிக்கரைவரை நடந்து போகிறார் என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் எங்கோ ஒரு மணி ஒலிப்பது எனக்கும் கேட்டது.

“பதினாலாம் நம்பர்லே கூப்பிடறாங்கடி. பாவம், வயசானவர், தானா திரும்பிப் படுக்க முடியாது. அப்புறம் பேசறேன்.”

டெலிபோனை வைத்துவிட்டாள். மூன்றாவது கல்லூரியின் பதில் இந்தக் கட்டுரையை எழுதி முடிக்கும்வரை வரவில்லை.