ஆட்டுக்கு ஸ்கேன் கருவி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வளைகுடாவில் 20 ஆண்டுகள் உழைத்து, ஊர் திரும்பி ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு நம்மிடம் வந்தார். "சினை இல்லை என்று நினைத்துத்தான் விற்றேன் ஹஜ்ரத். அறுத்தபோது உள்ளே இரண்டு குட்டிகள்" என்றார். வாங்கிய குடும்பத்தினர் குர்பானி நிறைவேறியதா என்று கேட்க, இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

மார்க்க விடை சுருக்கமானது. ஷாஃபிஈ மத்ஹபில் சினை ஆடு குர்பானிக்குச் செல்லாது என்பதே பிற்கால அறிஞர்கள் ஏற்ற கருத்து. ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஈனும் தருவாயில் உள்ளதை அறுப்பது மக்ரூஹ். ஆனால் அவர் கேட்க வந்தது வேறு. கையடக்க ஸ்கேன் கருவி ஒன்றை வாங்கிவிடலாமா என்பதே அவர் கேள்வி. நாம் மருத்துவர் அல்லர். கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டு அறிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் சட்டம். ஆட்டின் கருவைக் காட்டும் கருவி மனிதக் கருவையும் காட்டும். பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம், இத்தகைய கருவியைப் பதிவு பெறாதவருக்கு விற்பதைத் தடை செய்கிறது. "ஆட்டுக்குத்தானே" என்று இணையத்தில் சத்தமில்லாமல் வரவழைப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். மாவட்டத்தில் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரியிடம் முதலில் கேட்டுவிட வேண்டும். பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் வழியாகச் செல்வதே நேர்வழி.

அடுத்தது, எந்தக் கால்நடைக்கு என்பது. திரையை விட முக்கியமானது உடலில் வைக்கும் புரோப். வெள்ளாடு, செம்மறிக்கு வயிற்றின் மேல் வைத்துப் பார்க்க, வளைந்த முகம் கொண்ட 3.5 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் கான்வெக்ஸ் புரோப் ஏற்றது. அதன் ஒலி ஆழமாகச் செல்லும். மாட்டுக்கு ஆசனவாய் வழியே கையோடு உள்ளே கொண்டுசெல்லும் லீனியர் புரோப், 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ். படம் தெளிவாக இருக்கும், ஆழம் குறைவு. ஆட்டுப்பண்ணைக்காரர் மாட்டு புரோப்பை வாங்கிவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்றால் குற்றம் கருவியுடையதன்று.

படமே காட்டாமல் பீப் ஒலி மட்டும் எழுப்பும் மலிவான கருவிகளும் உண்டு. அவை உள்ளே நீர் இருப்பதைத்தான் அறியும். நிறைந்த சிறுநீர்ப்பையையும் சினை என்று சொல்லிவிடும். வெள்ளாட்டில் பொய்ச்சினை வேறு உண்டு. கருப்பையில் நீர் கோத்து வயிறு பெருக்கும், குட்டி இருக்காது. படம் காட்டும் கருவியில்தான் நீருக்குள் குட்டி இருக்கிறதா, நஞ்சுக்கொடியின் முடிச்சுகள் வளையம் வளையமாகத் தெரிகின்றனவா என்று பார்க்க முடியும்.

நாள் கணக்கும் வேண்டும். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதானால் கிடா சேர்ந்து 40 நாள் ஆன பின் பார்ப்பது நல்லது. 20-ஆம் நாளில் பார்த்து "இல்லை" என்று எழுதிவிட்டால், நம் சகோதரருக்கு நேர்ந்ததே மறுபடி நேரும். எத்தனை குட்டி என்று எண்ண 45 முதல் 90 நாள் வரை உகந்த காலம். அதன்பின் குட்டிகள் பெருத்து ஒன்றையொன்று மறைத்துவிடும். "இல்லை" என்று தெரிந்த ஆட்டை சில வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிட்டே விற்க வேண்டும்.

சந்தையில் பல கருவிகள் பன்றிப்பண்ணைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. புதிய கருவியில் நஜீஸ் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கரு வயதைக் கணக்கிடும் அட்டவணையில் ஆடு இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் திரை தெரிகிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், நீர் பட்டால் தாங்குமா, புரோப்பின் கம்பி அறுந்தால் மாற்றுக்கு என்ன விலை என்பவற்றை விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். கருவியைப் பண்ணைக்கே கொண்டுவரச் சொல்லி, கிடா சேர்ந்த தேதி தெரிந்த ஆடுகளில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். படத்தைப் படிக்கப் பழகிய கண் இல்லையேல் இவையெல்லாம் வீண்; நாமக்கல், ஒரத்தநாடு போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி ஊர்களுக்கு ஒருமுறை சென்று கேட்டு வருவது நல்லது.

சகோதரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 60 ஆட்டுக்குத் தனிக் கருவி கட்டுபடியாகவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு, கருவி வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவரை மாதம் ஒருமுறை வரவழைக்கிறார். கிடா விடும் தேதியை இப்போது நோட்டில் எழுதி வைக்கிறார்.