எண்ணெய் இழுக்கும் வண்டி

தை பிறந்துவிட்டால் திருமானூர் பக்கத்துக் கொள்ளிடக் கரை வயல்களுக்கு நெல் அறுக்கும் பெல்ட் வண்டிகள் லாரியில் வந்து இறங்கும். ஈரம் காயாத சம்பா வயலில் டயர் வண்டி புதைந்துவிடும்; அதனால் வாடகை கூடுதலானாலும் பெல்ட் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். அதை ஓட்டுபவரின் கையைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். பயிர் அடர்ந்த இடத்தில் லீவரைச் சற்றே பின்னிழுப்பார், வேகம் தணியும். நடுவில் கொண்டுவந்தால் வண்டி நிற்கும். இன்னும் இழுத்தால் அப்படியே பின்னால் ஊரும். கிளட்சும் மிதிக்கவில்லை, எஞ்சின் சத்தமும் இறங்கவில்லை.

எஞ்சின் இறங்கவே கூடாது. கதிரடிக்கும் உருளை ஒரே சீராகச் சுற்றினால்தான் மணி முழுதாக உதிரும். அதே வேகத்தில் எஞ்சினை ஓடவிட்டு வண்டியை மட்டும் நினைத்தபடி தணிக்க, பெரும்பாலான பெல்ட் வண்டிகளில் ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன் இருக்கிறது. பட்டறையில் கேட்டால் எச்.எஸ்.டி. என்பார்கள்.

உள்ளே ஒரு பம்பும் ஒரு மோட்டாரும். பம்பை எஞ்சின் சுழற்றுகிறது. பம்ப் தள்ளும் எண்ணெய் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் பெல்ட்டை ஓட்டுகிறது. பம்பிலுள்ள சின்னச் சின்ன பிஸ்டன்கள் வட்டமாக நின்று ஒரு தட்டின் மேல் சறுக்கியபடி சுழல்கின்றன. தட்டு நேராக நின்றால் பிஸ்டன்கள் முன்பின் அசையாது, எண்ணெய் நகராது, வண்டி நிற்கும். லீவர் அந்தத் தட்டைச் சாய்க்கிறது. சாய்வு கூடக் கூட ஒவ்வொரு சுற்றிலும் அதிக எண்ணெய் மோட்டாருக்குப் போகும், வேகம் கூடும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் எண்ணெயின் ஓட்டமே திரும்பிவிடும். துணை கியர் இரண்டு மூன்று இருந்தாலும், வயலுக்குள் வேலை முழுக்க இந்தத் தட்டுடையது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்க்கப்பல் பீரங்கிகளைத் திருப்பிய ஏற்பாடு இது. வெளிநாட்டில் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் இதன் குட்டி வடிவம் இருக்கிறது. சிமெண்ட் ஊரான அரியலூர்க்காரர்கள் வேறொரு இடத்திலும் பார்த்திருப்பார்கள்: கான்கிரீட் கலவை லாரி. லாரி நின்றாலும் ஓடினாலும் முதுகிலிருக்கும் உருளை தன்பாட்டுக்குச் சுற்றுவது இப்படியொரு பம்பும் மோட்டாரும் சேர்ந்துதான்.

வசதிக்கு விலை உண்டு. பல்சக்கரம் கடத்துவதைவிட எண்ணெய் கடத்துவதில் இழப்பு அதிகம். நல்ல நிலையிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் சூடாகப் போய்விடும். எண்ணெய் சூடேறினால் நீர்த்துப்போகும். நீர்த்தால் பிஸ்டன் ஓரமாகக் கசிந்து நழுவும். நழுவல் மேலும் சூட்டைக் கூட்டும். ‘காலையில நல்லா இழுத்துச்சு, மத்தியானம் வரப்பு ஏறல’ என்ற புகாரில் பாதிக்கு மேல் இந்தச் சுழல்தான் என்பது என் கணிப்பு. பம்பைக் கழற்றச் சொல்வதற்கு முன் ஆயில் கூலரைப் பாருங்கள். நெல் சுணையும் வைக்கோல் தூசும் கம்பளி போல அதை மூடியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, உள்ளிருந்து வெளியே காற்றடித்தால் போதும். தண்ணீரை வேகமாக அடித்தால் கூலரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

அடுத்த எதிரி அழுக்கு. பிஸ்டனுக்கும் அதன் குழிக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் பருமனே எழுபது மைக்ரான் அளவு. கரிசல் புழுதி பறக்கும் பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டுக்காட்டில், மூடியைத் துடைக்காமல் திறந்து, வாயகன்ற பழைய கேனிலிருந்து ஆயில் ஊற்றுவது மணலை ஊற்றுவதற்குச் சமம். புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றும் கெடு சீக்கிரமே வரும். புது உலோகம் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் பொடி அதில் கலந்திருக்கும். ‘ஆயில் பளபளன்னு இருக்கே’ என்று தள்ளிப்போடக்கூடாது. ஃபில்டரையும் கூடவே மாற்ற வேண்டும். எந்த ஆயில் என்பதற்குக் கையேடுதான் சாட்சி. சில புல்வெட்டிகளுக்கு எஞ்சின் ஆயிலையே சொல்லியிருப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கே ஊற்றிவிடக்கூடாது.

ஆயில் பால் நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. பம்ப் கீச்சென்று ஊளையிட்டால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கும்: ஆயில் மட்டம் குறைவு, அல்லது உறிஞ்சும் பக்கத்து ஓஸில் விரிசல்.

பழுதான வண்டியைச் சேற்றிலிருந்து டிராக்டர் கட்டி இழுப்பது வழக்கம். அப்போது பெல்ட் சுற்ற, மோட்டாரே பம்பாக மாறி, போக வழியில்லாத எண்ணெயை அழுத்தும்; உள்பாகங்கள் பாழாகும். இழுப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் பைபாஸ் வால்வைத் திறக்க வேண்டும், சிலவற்றில் துணை கியரை நியூட்ரலில் போட வேண்டும்.

கசிவைத் தேடும்போது ஓஸ் மேல் கையை ஓடவிடாதீர்கள். உள்ளிருக்கும் அழுத்தம் கார் டயரைப் போல நூறு மடங்குக்கும் மேல் போகும். ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே கொசு கடித்த அளவுக்குத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அப்படியும் கையில் பாய்ந்துவிட்டால், மாலைவரை பொறுக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.