குழாயில் தீட்டு இல்லை

கிணறு தூர் வாரப் போய்த் தவறியவர், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர், மூட்டையோடு லாரியிலிருந்து சரிந்தவர். பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காலனித் தெருக்களில் இப்படிப் படுக்கையோடு படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்க்கலாம். கட்டில் ஓரத்தில் ஒரு பை தொங்கும். வந்தவர் கண்ணில் படக் கூடாதென்று அதன்மேல் பழைய துண்டொன்றைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் துண்டுக்கு அடியில் இருப்பதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையில் ‘கதீட்டர்’ என்பார்கள். நம் ஊரில் ‘மூத்திர டியூப்’. சிறுநீர் தானாக வெளியேற முடியாதபோது, சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி வடிய வைக்கும் மெல்லிய குழாய் அது. முதுகுத்தண்டு அடிபட்டால் மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையிலான செய்தி அறுந்துபோகும். பை நிறைந்தாலும் தெரியாது. தெரிந்தாலும் கழிக்க முடியாது. தேங்கிய நீர் கிருமி வளர்க்கும், பின்னோக்கி ஏறிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பாதையை அடைத்தாலும், பெரிய அறுவை சிகிச்சை நடந்தாலும் குழாய் தேவைப்படும்.

உள்ளேயே தங்கும் குழாயின் நுனியில் சின்ன பலூன் இருக்கும். சுத்திகரித்த நீரைச் செலுத்தி அதை உப்ப வைப்பார்கள். அதுதான் குழாய் நழுவாமல் பிடித்திருக்கிறது. அதனால் ஆத்திரத்திலோ அவசரத்திலோ பிடித்து இழுத்தால் பாதை கிழிந்து ரத்தம் கொட்டும். பலூன் நீரை ஊசிக்குழலால் உறிஞ்சிய பிறகே குழாயை எடுக்க வேண்டும். அதைச் செவிலியரோ மருத்துவரோ செய்யட்டும்.

இன்னொரு முறையும் உண்டு. 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயைத் தாமே செலுத்தி, நீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவது. சோப்பால் கழுவிய கையும் சுத்தமான குழாயும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டினார். குழாய் உள்ளேயே கிடப்பதைவிட இதில் தொற்று குறைவு. கை வேலை செய்கிறவர்கள் பயிற்சி பெற்றால் பையே இல்லாமல் வெளியே போய் வரலாம். உங்களுக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பை வைத்திருப்போர் சிலவற்றை மறக்கக் கூடாது. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது. குழாய் மடங்கக் கூடாது. பையைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். மருத்துவர் சொன்ன தேதியில் குழாயை மாற்ற வேண்டும். நன்றாகத்தானே ஓடுகிறது என்று மாதக்கணக்கில் விடக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்தம் கலந்த நீர், நீர் வடியாமல் வயிறு உப்புதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். கழுத்திலோ மேல் முதுகிலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டை பிளக்கும் வலியும் வியர்வையும் வந்தால், முதலில் குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

இத்தனைக்கும் அடிப்படை தண்ணீர். குழாய் அடைக்காமலிருக்க, மருத்துவர் வேறு சொல்லாவிட்டால், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கை கழுவத் தண்ணீர் வேண்டும். கரிசல் பூமியில் தண்ணீர் எல்லோருக்கும் பாடுதான். ஆனால் குழாயின் கடைக்கோடியில் இருக்கும் தெரு எது என்பதை நாம் அறிவோம். அங்கே குடிநீர் வராத நாள் ஒவ்வொன்றும் படுக்கையில் கிடப்பவருக்கு நோய் சேர்க்கும் நாள்.

அடுத்தது தீட்டு. மனிதக் கழிவைத் தொடுவது ஒரு சாதியின் வேலை என்று நூற்றாண்டுகளாக ஒதுக்கி வைத்த சமூகம் இது. அந்த நினைப்பு நோயாளியின் கட்டில்வரை வந்து நிற்கிறது. வீட்டில் பையைக் காலி செய்வது மனைவி அல்லது மகள். கூலிக்குப் போக வேண்டியவளும் படிக்க வேண்டியவளும் அவர்களே. ஆண்பிள்ளை தள்ளி நிற்கிறான். மருத்துவமனை வார்டுகளில் இந்த வேலை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் தலையில் விழுந்தால், அவருக்குக் கையுறையும் பயிற்சியும் உண்டா என்று கேட்க ஆளில்லை. ஒரு நோயாளிக்குப் போட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொட்டால் கிருமியும் கூடவே போகும். கிருமிக்குச் சாதி தெரியாது.

பக்கத்து மாவட்டமான தென்காசியின் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. முதுகுத்தண்டு அடிபட்டோருக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி தருகிறார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதுகெலும்பு உடைந்தால் வாழ்க்கை முடிந்தது என்பவர்களுக்கு ஆய்க்குடி பதில் சொல்கிறது.

அரசிடமும் கேட்க வேண்டியவை உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையில் கிடப்போருக்கு வலிதணிப்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வர வேண்டும். குழாய் மாற்றவும் வீட்டுக்கு வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை: உங்கள் தெருவில் குழாயோடு வாழ்பவர் எத்தனை பேர், குழாய் கடைசியாக மாற்றிய தேதி எது, வீட்டுக்குத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த நோட்டை விரித்து வாசியுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.