கால் ஊன்றாத பந்தயமும் ஒரு சிறு கடையும்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றவுடன் நம் அங்கத்தினர்களுக்கு வேகமும் புழுதியும் இரைச்சலுமே நினைவுக்கு வரும். வேகத்துக்கு மதிப்பில்லாத மோட்டார் சைக்கிள் போட்டியும் ஒன்று உண்டு. அதனை ஆங்கிலேயர் ‘டிரையல்ஸ்’ என்பர். பாறை, ஓடை, சேற்றுச் சரிவு ஆகியவற்றில் எல்லை குறித்து விடுவார்கள். அச்சிறு பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு முறை ஊன்றினால் 1 புள்ளி. இரு முறைக்கு 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லை தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். அதாவது, இங்கே புள்ளி என்பது வரவன்று, கடன். கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் உள்ளவனுக்கு இந்த விதி பிடித்துப்போவதில் வியப்பில்லை. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் நடைபெறும் ஆறு நாள் போட்டி 1911ஆம் ஆண்டிலிருந்து வருவது. சிற்றூர்க் கழகங்கள் நடத்தும் ஒரு நாள் போட்டிகளோ ஏராளம்.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் விடுப்பெடுத்து, இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பணிபுரியும் என் மைத்துனரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய அண்டை வீட்டுக்காரர் இத்தகைய வண்டிகளுக்கான உதிரிப் பாகங்களை வேனில் ஏற்றிச் சென்று போட்டி நடக்கும் இடங்களில் விற்பவர். அவருடைய உதவியாள் காய்ச்சலில் படுக்கவே, ஒரு நாள் உதவ வர இயலுமா என்று என்னைக் கேட்டார். ஓய்வுக்குச் சென்ற இடத்திலும் இருப்புப் பட்டியல் எழுதும் வேலையே வாய்த்தால் விதியைத் தவிர யாரை நோவது?

முதல் நாள் மாலையிலேயே பட்டியல் தயாராயிற்று. கையுறை அளவு வாரியாக இத்தனை, கிளட்ச் நெம்புகோல் இத்தனை, பிரேக் நெம்புகோல் இத்தனை, சங்கிலி எண்ணெய், பெட்ரோலில் கலக்கும் எண்ணெய், ஸ்பார்க் பிளக், இரண்டே இரண்டு பின்சக்கர டயர்கள். மறுநாள் மாலை மீதியை எண்ணிக் கழித்தால் விற்பனை தெரியும். பெட்டியிலுள்ள பணம் அதனுடன் ஒத்துப்போக வேண்டும். நம் சங்கங்களின் கண்காட்சிக் கடைகளில் இந்த ஒரு பட்டியலை முன்கூட்டி எழுதச் சொல்லி நான் மன்றாடாத ஆண்டில்லை.

சரக்கு இவ்வளவு குறைவா என்று கேட்டேன். விழுகிற வண்டியில் எது உடையுமோ அதுவே சரக்கு என்றார். இவ்வண்டிகள் இருக்கையே அற்றவை. எடை 70 கிலோவை ஒட்டியது. ஓட்டுபவர் நின்றவாறே செலுத்துகிறார். பாறையில் சாய்ந்தால் முதலில் அடி வாங்குவது கைப்பிடியை ஒட்டி நீண்டிருக்கும் நெம்புகோல்தான். அதே பென்னைன் மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் உள்ள ராச்டேல், நம் இயக்கத்தார் அனைவரும் அறிந்த ஊர். அங்கே நெசவாளர் பலர் அடங்கிய 28 பேர் 1844 டிசம்பர் 21ஆம் தேதி கடை திறந்தபோது வைத்திருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி போன்ற சிலவே. வீட்டில் அன்றாடம் எது தீருமோ அது அவர்களுடைய சரக்காயிற்று. நாமோ கண்காட்சி என்றால் பத்து வகை விரிப்பும் விலையுயர்ந்த சேலையுமாக வண்டி நிறைய ஏற்றிச் சென்று, மடிப்புக் கலைந்த துணியுடன் திரும்புகிறோம்.

போட்டி ஒரு பண்ணையாரின் ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் நடைபெற்றது. காற்று கடுமையாக வீசியதால் கூடாரத்தின் நான்கு கால்களிலும் தண்ணீர்க் கேன்களைக் கட்டினோம். காலை 9 மணியிலிருந்து பத்தரை வரை மூச்சுவிட நேரமில்லை. போட்டி தொடங்கியதும் திடல் வெறிச்சோடிவிட்டது. பார்வையாளர்களும் பாறைக்குப் பாறை நடந்து போய்விடுகிறார்கள். பின்னர், சுற்று முடிந்து பெட்ரோல் நிரப்ப வருபவர்களிடம் மட்டுமே வியாபாரம். அந்த இடைவேளையில் கடையை விட்டு நகரக்கூடாது என்பதே எனக்கு இடப்பட்ட ஒரே கட்டளை. மலை மடிப்பில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. அட்டையில் பணம் பெறும் கருவி பயன்படவில்லை. சில்லறைப் பெட்டி கொண்டுவந்தது எத்துணை நல்லதாயிற்று!

நண்பகலில் ஓர் இளைஞர் கிளட்ச் நெம்புகோல் ஒடிந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவ்வகையில் எங்களிடம் எஞ்சியிருந்தது ஒன்றே. அத்திடலில் வேறு கடையில்லை. இரட்டை விலை சொன்னாலும் தந்திருப்பார். கடைக்காரர் அட்டையில் எழுதியிருந்த விலையையே வாங்கினார். திருப்புளியையும் இரவல் கொடுத்தார். தருமசிந்தனை என்று நான் பாராட்டியபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிறும் இதே முகங்கள்தாம் வரும் என்றார். வாடிக்கையாளரை அங்கத்தினராகக் கருதும் கடைக்குச் சட்டம் தேவையில்லை போலும்.

இனி, நான் எதிர்பாராத ஒன்று. மழையில் கை துடைப்பதற்காக என் ஈரிழைத் துண்டைக் கூடாரக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். வந்தவர் ஒவ்வொருவரும் அதில் கையையும் கைப்பிடியையும் துடைத்துக்கொண்டார்கள். ஈரமான பிடி வழுக்கிவிடும் அல்லவா? அவர்களிடமிருந்த தடித்த துண்டுகள் ஒருமுறை நனைந்தால் மாலைவரை உலர்வதில்லை. நம்முடையது காற்றில் அரை மணியில் உலர்ந்தது. நான்கு பேர் விலை கேட்டார்கள். விற்பதற்கோ அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் என் மாமியார் கொடுத்தது. “அத்தான், அதை விற்றுவிட்டு வந்தால் வீட்டுக்குள் நுழைய முடியாது” என்று மைத்துனர் முன்பே எச்சரித்திருந்தார்.

ஈரிழைத் துண்டு நெய்யும் சங்கம் ஒன்றில் இருப்பு அலமாரி நிரம்பி, கூலி கொடுக்கத் திணறுவதை நான் தணிக்கையில் கண்டவன். ஆகையால் அந்த நால்வரையும் எளிதில் விடவில்லை. என்ன வேண்டும் என்று துருவிக் கேட்டேன். நம் துண்டு அவர்களுக்கு மிக நீளம். இடுப்பு வாரில் செருகும் அளவே போதும். வெள்ளை வேண்டாம், சேறு தெரியாத அடர்நிறம் வேண்டும். தொங்கவிட மூலையில் ஒரு காது தைத்திருக்க வேண்டும். இம்மூன்றையும் எழுதி வந்து அச்சங்கத் தலைவரிடம் கொடுத்தேன். மாதிரிக்குப் பாவு போட்டிருக்கிறார்கள். சாயம் நிற்பதில்தான் இன்னும் தகராறு.