கடல் கடந்த சகோதரிச் சங்கங்கள்

பட்டதாரிப் பெண்களுக்கென்று பல நாடுகளில் சங்கங்கள் உண்டு. அவற்றில் வசதியுள்ளவை, வசதி குறைந்த நாடுகளில் உள்ள சங்கங்களுக்குக் கை கொடுப்பது நெடுநாள் வழக்கம். பேராசிரியைகள், பள்ளி ஆசிரியைகள், மருத்துவர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள் ஆகியோர் கட்டும் சந்தாவும் நன்கொடையும்தான் இதற்கு முதல். தொகை சிறியது என்றாலும், அது போய்ச் சேரும் வழி கவனிக்கத்தக்கது.

1918 இல், முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், பிரிட்டனிலிருந்து ஒரு கல்விக் குழு அமெரிக்கா சென்றது. அதில் லண்டன் பெட்ஃபோர்ட் கல்லூரியின் ஆங்கில இலக்கியப் பேராசிரியை கரோலின் ஸ்பர்ஜனும், பர்மிங்ஹாம் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் ரோஸ் சிட்ஜ்விக்கும் இருந்தார்கள். நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரித் தலைவர் வர்ஜீனியா கில்டர்ஸ்லீவைச் சந்தித்துப் பேசியபோது ஒரு யோசனை பிறந்தது: படித்த பெண்கள் நாடு கடந்து நட்புக் கொண்டால், இன்னொரு போரைத் தடுக்கத் தங்களால் ஆனதையாவது செய்ய முடியும். சிட்ஜ்விக் ஊர் திரும்பவில்லை. அந்த டிசம்பரிலேயே நியூயார்க்கில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. மற்ற இருவரும் யோசனையைக் கைவிடவில்லை. 1919 இல் பல்கலைக்கழகப் பெண்களின் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகி, அடுத்த ஆண்டு லண்டனில் முதல் மாநாடு கூடியது. ஸ்பர்ஜன் அதன் முதல் தலைவர். 2015 முதல் இது சர்வதேசப் பட்டதாரிப் பெண்கள் அமைப்பு என்ற பொருள்படும் பெயரில் ஜெனீவாவிலிருந்து இயங்குகிறது.

தொடக்கத்தில் ‘சகோதரிச் சங்கம்’ என்றால் ஐரோப்பாவும் அமெரிக்காவுமே பெரும்பாலும் கண்முன் நின்றன. ஆராய்ச்சி உதவித்தொகையும், வெளிநாடு செல்லும் பெண் ஆய்வாளர்களுக்குத் தங்குமிடமுமே அன்றைய தேவைகள். உதவிக்கு வேறு முகம் கொடுத்தது ஹிட்லரின் ஆட்சி. வேலை பறிக்கப்பட்ட யூதப் பெண் அறிஞர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்தபோது, பிரிட்டிஷ் சங்கத்தார் அவர்களுக்கு விசா, இருப்பிடம், வேலை தேடிக் கொடுத்தார்கள். லண்டனின் செல்சி பகுதியில் சங்கம் நடத்திய கிராஸ்பி ஹால் விடுதியில் பலர் தங்கினார்கள். இன, மத, அரசியல் காரணம் காட்டித் தகுதியுள்ள பட்டதாரிகளை விலக்கும் சங்கத்துக்குக் கூட்டமைப்பில் இடமில்லை என்று 1936 இல் போலந்தின் கிராக்கோவ் மாநாடு விதி செய்தது. அமைப்பின் வரலாற்றில் இதைவிடத் துணிவான முடிவைக் காண்பது கடினம். போரால் இடம்பெயர்ந்த பெண் பட்டதாரிகளுக்கு உதவும் ஹெக் ஹோஃபெட் நிதியும் அந்தக் காலத்தில் வேர்கொண்டதே.

ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற பிறகு அங்கும் சங்கங்கள் பெருகின. அந்நாடுகளில் பட்டம் பெற்ற பெண்கள் மிகக் குறைவு. அவர்களைச் சுற்றி எழுத்தறியாப் பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆகவே அச்சங்கங்கள் கேட்டது ஆராய்ச்சிப் பணம் மட்டுமல்ல. எழுத்தறிவு வகுப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் பெண் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குமான உதவி. 1969 இல் அமெரிக்கப் பட்டதாரிப் பெண்கள் கில்டர்ஸ்லீவ் பெயரில் ஒரு நிதியைத் தொடங்கி, வளரும் நாடுகளின் பெண்கள் குழுக்களுக்குச் சில ஆயிரம் டாலர் அளவிலான மானியங்களை வழங்கத் தொடங்கினார்கள். கூட்டமைப்பின் சொந்தச் சிறுமானியத் திட்டம் இந்தியரான பீனா ராயின் பெயரைத் தாங்கியது.

பீனா ராய் திட்டத்தின் பெயரிலேயே ‘பங்காளிகள்’ என்ற சொல் இருந்தது. அது வெறும் அலங்காரம் அல்ல. என்ன வேலை, எந்த ஊர், யாருக்கு என்பதை உள்ளூர்ச் சங்கமே முடிவு செய்து விண்ணப்பிக்க வேண்டும். பணம் வந்ததும் செலவிடுவதும் கணக்குக் காட்டுவதும் அதே சங்கத்தின் பொறுப்பு. வெளிநாட்டு நிபுணர் வந்திறங்கி வழிகாட்டும் ஏற்பாடு இல்லை. வாங்குகிற சங்கமும் கொடுக்கிற சங்கத்தைப் போலவே மாநாட்டில் வாக்களிக்கும் உறுப்பினர். வழக்கமான தர்ம காரியத்திலிருந்து இது விலகி நிற்பது இந்த இடத்தில்தான்.

உகாண்டாவில் நடந்த வேலை இந்தப் பங்காளி உறவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகளில் பெண் ஆசிரியர்கள் குறைவு. ஆண்களே பாடம் நடத்தும் பள்ளியில், வயதுக்கு வந்த பெண்ணுக்கு உடல்நலம் பற்றிக் கேட்கக்கூட ஆள் இருக்காது. படிப்பு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். உகாண்டா சங்கமும் ஜெனீவா அமைப்பும் சேர்ந்து, கிராமத்து இளம்பெண்களை மகெரெரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பட்டம் படிக்க வைத்தன. படித்து முடித்தவர்கள் கிராமப் பள்ளிகளுக்கே திரும்பிப் பாடம் நடத்த வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான கதை. நியூசிலாந்துச் சங்கத்தின் கிளைகள் பட்டமளிப்பு விழாவுக்கான அங்கிகளையும் தொப்பிகளையும் வாடகைக்கு விடுகின்றன. அந்த வருமானம் பெண்களின் உதவித்தொகைக்குப் போகிறது. ஆக்லாந்தில் இந்த வேலையைச் செய்யும் அறக்கட்டளை, 1877 இல் அந்நாட்டின் முதல் பெண் பட்டதாரியான கேட் எட்ஜரின் பெயரைக் கொண்டது. பிரிட்டனில் கிராஸ்பி ஹால் கைமாறியபோது கிடைத்த தொகை, பெண் பட்டதாரிகளுக்கு மானியம் தரும் நிதியாயிற்று.

இவ்வளவுக்கும் இடையே தீராத சிக்கல் ஒன்று உண்டு: சந்தா. சர்வதேச அமைப்புக்கு ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் உறுப்பினர் தலைக்கு இவ்வளவு என்று சுவிஸ் பிராங்கில் கட்ட வேண்டும். ஜெனீவாவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் தொகை, ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆசிரியை ஒருவருக்குப் பல நாள் சம்பளம். நாணய மதிப்பு சரியும் ஆண்டில் அந்தச் சுமை இன்னும் ஏறும். கட்டத் தவறினால் உறுப்பினர் தகுதியும் வாக்கும் ஆட்டம் காணும். உறுப்பினருக்கே உரிய மானியத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாமல் போகும். வசதியுள்ள சங்கம் ஒன்று சகோதரிச் சங்கத்தின் சந்தாவை ஏற்றுக்கொள்வது புகைப்படத்துக்கோ ஆண்டறிக்கைக்கோ பெரிதாக உதவாத செலவு. ஆனால் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.