எல்.கே.ஜி. சேரும் முன்பே பழக்க வேண்டியவை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். மூன்று வயது முடிந்த குழந்தைக்குச் சீருடை, பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் மே மாதமே வாங்கியாகிவிடும். ஏ, பி, சி, டி-யும் பாதி மனப்பாடம். ஆனாலும் முதல் சில வாரங்கள் பல வீடுகளில் அழுகையும் அவசரமுமாகத்தான் போகின்றன. அரைத் தூக்கத்தில் எழுந்து, வெறும் வயிற்றோடு வேனில் ஏறி, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குப் பாடம் எப்படி ஏறும்? எழுத்தை ஆசிரியை சொல்லிக்கொடுத்துவிடுவார். தூக்கம், உணவு, கழிப்பறை ஆகிய பழக்கங்களை வீடுதான் தர வேண்டும். கோடை விடுமுறை அதற்குப் போதுமான காலம்.

தூக்க நேரத்தை மாற்றுங்கள்

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறரைக்கு எழ வேண்டுமானால் இரவு எட்டரை மணிக்குள் தூங்கியாக வேண்டும். கூடத்தில் பத்து மணி வரை சீரியல் ஓடினால் இது நடக்காது. பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கழிப்பறைப் பயம்

புதுக் கழிப்பறையைக் கண்டு பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடும் குழந்தைகள் உண்டு. சிறுநீரை அடக்குவதால் சிறுநீர்த் தொற்றும், மலத்தை அடக்குவதால் மலச்சிக்கலும் வரலாம். சாப்பிட்டவுடன் பெருங்குடல் இயங்கத் தொடங்கும் என்பதால், காலை உணவுக்குப் பின் ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்காரப் பழக்குங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலை ஊன்ற ஒரு சிறு முக்காலி போடுங்கள். பொத்தானும் பெல்ட்டும் வேண்டாம். இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் உடை போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவக் கற்றுக்கொடுங்கள். "மிஸ், பாத்ரூம் போகணும்" என்று கூச்சமின்றிக் கேட்கவும் பழக்குங்கள்.

தானே சாப்பிடட்டும்

போனைக் காட்டி ஊட்டிவிட்ட குழந்தை, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவரும். பள்ளிக்குக் கொடுக்கப்போகும் அதே டப்பாவில் வீட்டிலேயே தினமும் ஒரு வேளை கொடுங்கள். மூடியைத் தானே திறக்கட்டும், கொஞ்சம் சிந்தட்டும். இட்லித் துண்டு, நெய் தடவிய சப்பாத்தி, வாழைப்பழம், வேகவைத்த முட்டை என்று கையால் எடுத்து உண்ணக்கூடியவை நல்லது. முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும், டப்பாவில் வைக்காதீர்கள். உண்ணும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது பழக்கமாகட்டும்.

பிரிவைப் பழக்குங்கள்

பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் விட்டுவிட்டு வாருங்கள். சொல்லாமல் நழுவுவது பயத்தைக் கூட்டும். "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்னபடி திரும்பியும் வாருங்கள். "சேட்டை பண்ணா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டல் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

தடுப்பூசி, கண், காது

ஒன்றரை வயதை ஒட்டிப் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும், முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணையும் போடப்பட்டுள்ளனவா என்று அட்டையைப் பாருங்கள். முத்தடுப்பின் அடுத்த ஊக்கத் தவணை ஐந்து முதல் ஆறு வயதுக்குள். டி.வி.க்கு மிக அருகே போய்ப் பார்ப்பது, மாறுகண், கூப்பிட்டால் திரும்பாதது ஆகியவற்றைச் சேட்டை என்று ஒதுக்காமல் பரிசோதிக்க வேண்டும். சோம்பேறிக் கண் எனப்படும் பார்வைக் குறையைச் சிறு வயதிலேயே கண்டறிந்தால் சிகிச்சை நன்றாகப் பலிக்கும்.

பள்ளி சேர்ந்த முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வருவது இயல்பு. காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதும் ஆன பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

அழுகை பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தினமும் காலையில் வயிற்றுவலி, வாந்தி என்றாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்பினாலோ, மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பாசிரியையிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்; வீட்டில் காட்டாததைக் குழந்தை வகுப்பில் காட்டியிருக்கலாம்.