ஓடும்போதே எடை போடும் சாலை: லாரி ஓட்டுநர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ரெண்டு டன் கூட ஏத்தினா என்ன ஆயிடப் போகுது?" லோடு ஏற்றும் இடத்தில் இந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ரெண்டு டன்னை இப்போது சாலையே கண்டுபிடித்துவிடுகிறது.

எப்படி வேலை செய்கிறது?

பல சுங்கச்சாவடிகளில் தடத்திலேயே எடை உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. லாரி அதன்மேல் மெதுவாக உருண்டு போனாலே ஒவ்வொரு அச்சின் எடையும் பதிவாகிவிடும். இதற்குப் பெயர் 'வே-இன்-மோஷன்'. ஃபாஸ்டேக்கும் கேமராவும் வண்டி எண்ணைச் சொல்லிவிடும். அளவுக்குள் இருக்கும் வண்டி நிற்கத் தேவையில்லை. சந்தேகமுள்ள வண்டியை மட்டும் எடை மேடைக்கு அனுப்பினால் போதும். மின்னணுக் கண்காணிப்புக்காக 2021-ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, இந்தக் கருவியையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு ஏற்றலாம்?

வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை, 2018 ஜூலையில் இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால், உங்கள் ஆர்.சி.யில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்குக் கணக்கு. பழைய வண்டி என்றால் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மீறினால்?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-ன்படி அபராதம் ரூ.20,000. கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. அதாவது மூன்று டன் கூடினால் ரூ.26,000. அதிகப்படி சரக்கை இறக்கும்வரை வண்டி நகர முடியாது. இறக்கும் கூலியும் நம் தலையில்தான். எடை போட நிறுத்த மறுத்தால் ரூ.40,000. ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் ஓட்ட அனுமதித்தவரும் இதற்குப் பொறுப்பு.

கிளம்பும் முன்

* லோடு ஏற்றிய இடத்திலேயே எடை போட்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
* சரக்கைப் பரவலாக அடுக்கச் சொல்லுங்கள். மொத்த எடை சரியாக இருந்தும், பின் அச்சில் மட்டும் பாரம் கூடினால் அதுவும் விதிமீறலே.
* உங்கள் வண்டி எண்ணில் அபராதம் இருக்கிறதா என்று பரிவாகன் இ-சலான் தளத்தில் பாருங்கள். தவறு என்று தோன்றினால் அங்கேயே புகாரும் செய்யலாம்.

அச்சு எடை 20 சதவீதம் கூடினால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. சாலை போனால் திரும்பப் போடலாம். பாரம் தாங்காமல் இறக்கத்தில் பிரேக் போனால்? அடுத்த முறை யாராவது "கொஞ்சம்தானே" என்றால், எடைச் சீட்டைக் காட்டுங்கள்.